கொயோட்டி இரவு வேட்டை: சிவப்பா, பச்சையா, வெள்ளையா? விளக்கு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் ஆட்டுப் பண்ணை, மாட்டுப் பண்ணை நிலங்களில் உரிமையாளரின் அனுமதியோடு கொயோட்டி (நரியைப் போன்ற, நாய்க் குடும்பத்து வட அமெரிக்கக் காட்டு விலங்கு) வேட்டைக்குப் போகிறவர்களுக்கான பக்கம் இது. துப்பாக்கி, தோட்டா பற்றி இங்கே அதிகம் இல்லை. விளக்கு மட்டும்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். எந்த நிறம் வாங்குவது?

சிவப்பு. வெளிச்சத்தைப் படிப்படியாகக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். டிம்மர் இல்லாத சிவப்பு விளக்கும் டிம்மர் உள்ள பச்சை விளக்கும் எதிரே இருந்தால் பச்சையை எடுங்கள். கொயோட்டியை விரட்டுவது பெரும்பாலும் நிறம் அல்ல. திடீரென்று முகத்தில் அடிக்கும் வெளிச்சமும், ஆடும் நிழலும்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். கடையில் நிறத்தைப் பற்றி அரை மணி நேரம் விவாதித்துவிட்டு, களத்தில் விளக்கை விசிறி போல ஆட்டுகிறவர்கள்தான் அதிகம்.

கொயோட்டிக்குச் சிவப்பு நிறமே தெரியாது என்கிறார்களே?

பாதி உண்மை. நாய்க் குடும்பத்துக் கண்ணில் நிறம் அறியும் கூம்புச் செல்கள் இரண்டு வகைதான் உண்டு. நாயில் ஒன்றின் உச்சம் (அது மிகுதியாக உணரும் ஒளி அலைநீளம்) சுமார் 430 நானோமீட்டர் (நீலம்), மற்றொன்றுக்குச் சுமார் 555 (மஞ்சள் கலந்த பச்சை). நமக்கு மூன்று வகை. ஆகவே சிவப்பைச் ‘சிவப்பு’ என்று தனியாக அதனால் பிரித்தறிய முடியாது. ஆனால் நிறம் தெரியாது என்பது வேறு, வெளிச்சமே தெரியாது என்பது வேறு. 555 உச்சமுள்ள கூம்பு, 620 நானோமீட்டர் சிவப்புக்கும் ஓரளவு வேலை செய்யும். பலமான சிவப்பு ஒளியை நேராக அடித்தால் கொயோட்டிக்கு அது மங்கிய மஞ்சள் போன்ற ஒரு வெளிச்சமாக நன்றாகவே தெரியும்.

அப்படியானால் சிவப்பால் என்ன லாபம்? இருட்டில் கண்ணை நடத்துவது கூம்புகள் அல்ல, கோல் செல்கள். அவற்றின் உச்சம் 500 நானோமீட்டரை ஒட்டி இருக்கிறது. மனிதக் கண்ணுக்கு அளந்த கணக்கைப் பாருங்கள்: கோல் செல்களின் உணர்திறன் 507-இல் முழு அளவு என்றால், 530-இல் (பச்சை) சுமார் 81 சதவீதம், 620-இல் (சிவப்பு) ஒரு சதவீதத்துக்கும் கீழ். நாய்க் குடும்பத்தின் கோல் செல்லும் ஏறக்குறைய இதே இடத்தில்தான் உச்சம் கொள்கிறது. அதனால் மங்கலான சிவப்பு, இருட்டுக்குப் பழகிய கொயோட்டிக் கண்ணில் கிட்டத்தட்ட விழுவதே இல்லை. வெளிச்சம் கூடக் கூடக் கூம்புகள் விழித்துக்கொள்ளும், சிவப்பின் அனுகூலம் கரையும். டிம்மர் வேண்டும் என்று மேலே சொன்னதன் காரணம் இதுதான்.

பச்சையில் தூரம் நன்றாகத் தெரிகிறதே?

உங்களுக்குத் தெரிகிறது, சரி. பகல் வெளிச்ச அளவில் மனிதக் கண் 555-இல் உச்சம். 530 நானோமீட்டர் பச்சைக்கு 86 சதவீதம், 620 சிவப்புக்கு 38 சதவீதம். ஒரே சக்தியுள்ள இரண்டு விளக்கில் பச்சை இரண்டு மடங்குக்கு மேல் பிரகாசமாகத் தோன்றும். விலங்கின் உருவம், புல்லின் ஓரம், பின்னால் இருக்கும் வேலி எல்லாம் துலக்கமாக இருக்கும். காட்டுப்பன்றி வேட்டைக்காரர்கள் பச்சையை விரும்புவது இதனால்தான்.

கொயோட்டிக்கும் அது அதே அளவு நன்றாகத் தெரியும் என்பதுதான் சிக்கல். ஆள் நடமாட்டம் குறைந்த, அதிகம் வேட்டையாடப்படாத நிலத்தில் பச்சை பிரச்சினை தராது. வாராவாரம் யாராவது விளக்கோடு வந்துபோகும் நிலத்தில் தரும். இன்னொன்று: பச்சையை அரை மணி நேரம் பார்த்தபின் அணைத்தால் உங்கள் கண்ணே இருண்டுபோகும். இருட்டுக்கு முழுதாகப் பழக 20 முதல் 30 நிமிடம் பிடிக்கும். சிவப்பில் அந்தப் பழக்கம் பெரும்பாலும் கெடாமல் நிற்கும்.

வெள்ளை விளக்குக்கு வேலையே இல்லையா?

இரண்டு வேலை உண்டு. விலங்கு விழுந்தபின் தேட, வழி நடக்க. வெள்ளை எல்இடியில் 450 நானோமீட்டர் பக்கம் ஒரு பெரிய நீல முகடு இருக்கும். கொயோட்டியின் நீலக் கூம்பு உட்கார்ந்திருப்பதும் அதன் அருகில்தான். வெள்ளையில் சுட்டவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஒருமுறை வெள்ளை வெளிச்சத்தில் தப்பிய கொயோட்டி அடுத்த முறை அதைக் கண்டதும் நிற்காது.

கையில் நல்ல வெள்ளை டார்ச் இருக்கிறது. சிவப்பு ஃபில்டர் போட்டால் போதாதா?

போதாது. ஃபில்டர் நிறத்தை உண்டாக்குவதில்லை, மற்ற நிறங்களைத் தடுத்துத் தள்ளுகிறது. வெள்ளை எல்இடியின் ஒளியில் சிவப்புப் பங்கு சிறியது. பெரும்பகுதி ஃபில்டரில் மாட்டிச் சூடாகிறது. 1,000 லூமென் டார்ச் என்று நம்பிப் போனால் மெழுகுவத்தி கதைதான். மலிவான பிளாஸ்டிக் ஃபில்டர் ஓரங்களில் வெள்ளை கசியும், அது அதைவிட மோசம். சிவப்பு எல்இடியே பொருத்திய விளக்கு வாங்குங்கள். பல விளக்குகளில் எல்இடி பகுதியை மட்டும் கழற்றி மாற்றலாம். சிவப்பு ஒன்றும் வெள்ளை ஒன்றும் வைத்துக்கொண்டால் இரண்டு செலவு இல்லை.

சிவப்பிலேயே 620, 630, 660 என்று போட்டிருக்கிறார்கள். வித்தியாசம் உண்டா?

நிறைய உண்டு. 660 ‘ஆழ்சிவப்பு’ கொயோட்டிக்கு இன்னும் மங்கல். ஆனால் உங்களுக்கும்தான். மனிதக் கண்ணுக்கு 620-இல் 38 சதவீதம், 630-இல் 26, 660-இல் வெறும் 6. அதாவது 660 விளக்கு அதே சக்தியில் ஆறில் ஒரு பங்கு பிரகாசமாகத்தான் தெரியும். 620 முதல் 630 வரை உள்ளது நடுநிலையான தேர்வு.

எனக்குச் சிவப்பு எப்போதுமே மங்கலாகத்தான் தெரியும்…

அப்படியானால் இந்தப் பக்கத்தில் சிவப்புக்குச் சொன்னதையெல்லாம் தாண்டிப் பச்சை வாங்குங்கள். ஆண்களில் சிலருக்குச் சிவப்பு அறியும் கூம்பு இல்லாமலோ மாறியோ இருக்கும். பகலில் அது பெரிதாகத் தெரியாது, பலர் அறியாமலே இருப்பார்கள். கூட வருகிறவருக்கு 150 கஜத்தில் தெரிகிற உருவம் உங்களுக்குத் தெரியவில்லை என்றால் விளக்கைக் குறை சொல்வதற்கு முன் இதைச் சோதியுங்கள்.

எத்தனை லூமென் வேண்டும்?

லூமென் எண்ணை விடுங்கள். அது விளக்கிலிருந்து எல்லாப் பக்கமும் கொட்டும் மொத்த ஒளி. உங்களுக்கு வேண்டியது ஒரு திசையில் எவ்வளவு குவிகிறது என்ற கேண்டலா கணக்கு. பெட்டியில் போட்டிருக்கும் ‘தூரம்’ என்பது, வெளிச்சம் 0.25 லக்ஸுக்கு இறங்கும் இடம். அது ஏறக்குறைய முழுநிலவு வெளிச்சம். கேண்டலாவின் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்கினால் அந்தத் தூரம் மீட்டரில் கிடைக்கும். 10,000 கேண்டலாவுக்கு 200 மீட்டர், 40,000-க்கு 400 மீட்டர். தூரம் இரட்டிக்க ஒளி நான்கு மடங்கு வேண்டும் என்பதைக் கவனியுங்கள்.

முழுநிலவு வெளிச்சத்தில் ஸ்கோப் (துப்பாக்கியின் குறிநோக்கி) வழியாக இது கொயோட்டியா, நாயா என்று சொல்ல முடியாது. 40,000 கேண்டலா விளக்கு 200 மீட்டரில் 1 லக்ஸ், 100 மீட்டரில் 4 லக்ஸ் தரும். நடைமுறைக்குப் பெட்டியில் உள்ள தூரத்தில் மூன்றில் ஒரு பங்கை உங்கள் எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள். அந்த எண் சிவப்பு எல்இடிக்கு அளந்ததா, வெள்ளைக்கா என்றும் பாருங்கள். சில பெட்டிகளில் வெள்ளைக்கு அளந்ததையே எல்லா நிறத்துக்கும் அச்சடித்திருப்பார்கள்.

களத்தில் விளக்கை எப்படிச் சுழற்றுவது?

இரண்டு விளக்கு வேண்டும். தேட ஒன்று, சுட ஒன்று. தேடும் விளக்கு தலையில் மாட்டுவதாகவோ கண்ணை ஒட்டிக் கையில் பிடிப்பதாகவோ இருக்கட்டும். கொயோட்டியின் விழித்திரைக்குப் பின்னால் உள்ள பிரதிபலிப்புப் படலம் ஒளியை வந்த வழியே திருப்பி அனுப்புகிறது. விளக்கு எங்கே இருக்கிறதோ அங்கே நிற்கிறவருக்குத்தான் கண் மின்னும். இரண்டு மீட்டர் தள்ளி உட்கார்ந்த துப்பாக்கிக்காரர் ‘எங்கே, எங்கே’ என்று கேட்பது இதனால்தான். அவர் பார்வையில் குறையில்லை.

கொயோட்டியை வரவழைக்க முயல் அலறல் போன்ற ஒலி எழுப்பும் கருவியை 30 முதல் 50 கஜம் தள்ளி, காற்று உங்களுக்குக் குறுக்கே ஓடும்படி வையுங்கள். கொயோட்டி பெரும்பாலும் சுற்றிக்கொண்டு காற்றின் கீழ்ப்பக்கம் போய் மோப்பம் பிடிக்கும். ஆகவே அந்தப் பக்கம் திறந்த வெளியாக இருக்க வேண்டும். ஒலி தொடங்குவதற்கு முன்பே விளக்கைப் போட்டுவிடுங்கள், உட்கார்ந்திருக்கும் நேரம் முழுவதும் அணைக்காதீர்கள். வரும்போதே இருக்கிற வெளிச்சம் அதற்குப் புதிதல்ல. நடுவில் திடீரென்று முளைக்கும் வெளிச்சம்தான் புதிது.

ஒளிக்கற்றையின் நடுவே பளிச்சென்ற வட்டம் இருக்கும், சுற்றிலும் மங்கலான விளிம்பு வெளிச்சம். பளிச் வட்டத்தை வானத்தில் தூக்கிவிட்டு, கீழ் விளிம்பு மட்டும் தரையைத் தடவும்படி பிடியுங்கள். அந்த மங்கலே கண் மின்ன வைக்கப் போதும். சுழற்சி சீராக, நிதானமாக, ஒரு முழுச் சுற்றுக்கு 15 முதல் 20 விநாடி. வேகமாக ஆட்டினால், அந்த விநாடி கருவியின் பக்கமோ தரையையோ பார்த்துக்கொண்டிருக்கும் கொயோட்டியைத் தாண்டிப் போய்விடுவீர்கள்.

கண் தெரிந்ததும் விளக்கை அங்கேயே நிறுத்துங்கள். பளிச் வட்டத்தை இறக்க வேண்டாம். விளிம்பிலேயே அதை நடத்தி வரவிடுங்கள். சுட வேண்டிய தூரத்துக்கு வந்தபின் துப்பாக்கி விளக்கை மிகக் குறைவான அளவில் போட்டு, மூன்று நான்கு விநாடியில் மெதுவாகக் கூட்டுங்கள். தலையைத் தூக்கி விளக்கை நேராகப் பார்த்து நின்றால் கூட்டுவதை அங்கேயே நிறுத்துங்கள். ஒரு இடத்தில் 15 முதல் 20 நிமிடம். அதற்குள் வராவிட்டால் அடுத்த இடம்.

எல்லாம் சரியாகச் செய்கிறேன். 150 கஜத்தில் திரும்பி ஓடிவிடுகிறது.

முதல் சந்தேகம் காற்று. வாடை பிடித்த கொயோட்டிக்கு எந்த நிறமும் ஒன்றுதான். காற்று சரி என்றால் நிழல்: உங்களுக்கு முன்னால் பத்தடியில் ஒரு புதர் இருந்து, விளக்கு அசைந்தால், அந்தப் புதரின் நிழல் புல்வெளி முழுக்க யானை போல ஓடும். முன்னால் எதுவும் இல்லாத இடத்தில் உட்காருங்கள், அல்லது விளக்கைப் புதருக்கு மேலே உயர்த்துங்கள். அடுத்தது குழாய்ப் பளபளப்பு. பின்னால் நிற்பவர் கையில் உள்ள விளக்கு உங்கள் முதுகையும் துப்பாக்கிக் குழாயையும் ஒளியூட்டும். நீங்கள் மேடையில் நிற்கும் நடிகர் ஆகிவிடுவீர்கள்.

பலர் யோசிக்காத ஒன்று, மினுங்கல். மலிவான டிம்மர்கள் விளக்கைப் படபடவென்று அணைத்துப் போட்டு மங்கலாக்குகின்றன. நம் கண்ணுக்கு அது சீராகத் தெரியலாம். நாய்க் கண், விநாடிக்கு 70 முறைக்கு மேல் நடக்கும் மினுங்கலையும் பிடித்துவிடும். சோதிக்க வழி எளிது: விளக்கைக் குறைந்த அளவில் வைத்து, கைப்பேசிக் கேமராவில் பாருங்கள். திரையில் கருங்கோடுகள் நகர்ந்தால் அந்த விளக்கு வேண்டாம்.

துப்பாக்கியில் எங்கே பொருத்துவது?

ஸ்கோப்பின் மேல். குழாய்க்கு அடியில் பொருத்தினால் முன்னால் உள்ள புல்லில் ஒளி பட்டுத் திரும்பி உங்கள் கண்ணையே கூசவைக்கும். விளக்கை ஸ்கோப்போடு பிடிக்கும் வளையத்தின் திருகுகளை 15 முதல் 18 இஞ்ச்-பவுண்டு முறுக்கில் நிறுத்துங்கள். அதற்கு மேல் முறுக்கினால் ஸ்கோப் குழாய் நசுங்கும். அதிர்வில் கழலாமல் இருக்க நீலப் பூட்டுப் பசை ஒரு துளி. பொருத்தியபின் பகலில் 100 கஜத்தில் சுட்டுக் குறியைச் சரிபாருங்கள், மேலே ஏறிய எடையால் குறி மாறியிருக்கலாம். பிறகு அன்றிரவே, ஆளில்லா இடத்தில், தோட்டா இல்லாத துப்பாக்கியோடு பளிச் வட்டத்தின் மையத்தைக் குறுக்குக் கோட்டோடு பொருத்துங்கள்.

ஸ்கோப் பெருக்கத்தைக் குறைவாக வையுங்கள். 50 மில்லிமீட்டர் முன்கண்ணாடி, 10 மடங்கு பெருக்கம் என்றால் கண்ணுக்கு வரும் ஒளிவட்டம் 5 மில்லிமீட்டர். 20 மடங்கில் அது 2.5. விளக்குப் போதவில்லை என்று புலம்புகிறவர்களில் பலர் 16, 18 மடங்கில் வைத்திருப்பார்கள்.

பனிமூட்டம், பனித்தரை?

மூட்டத்தில் எந்த நிறமும் தப்பாது. நீர்த்துளிகள் எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒரே மாதிரி சிதறடிக்கும். சிவப்புக் கொஞ்சம் குறைவாகக் கூசும், உங்கள் கண்ணுக்கு அது மங்கல் என்பதால். வீட்டுக்குப் போவது நல்லது. பனித்தரையில் கதை தலைகீழ்: தரையே ஒளியைத் திருப்பி அனுப்புவதால் சிவப்பைப் பாதி அளவில் வைத்தாலே போதும்.

கண் மின்னுவதை வைத்து எது என்று சொல்ல முடியுமா?

முடியாது. கண்ணை வைத்துச் சுடவே கூடாது. சிவப்பு விளக்கில் எல்லாக் கண்ணும் சிவப்பு, பச்சையில் எல்லாம் பச்சை. மான், கன்றுக்குட்டி, ஆடு, ரக்கூன், வீட்டுப் பூனை எல்லாம் மின்னும். கொயோட்டிக் கண் தாழ்வாக, குதித்துக் குதித்து, அவ்வப்போது மறைந்து வரும் என்பது உண்மை. பக்கத்து வீட்டு நாயும் அப்படியே வரும். ஆட்டு மந்தையைக் காக்கும் பெரிய வெள்ளை நாய்கள் உங்கள் முயல் அலறல் ஒலியைக் கேட்டு விசாரிக்க வருவது அடிக்கடி நடப்பது. போகும் முன் உரிமையாளரிடம் கேளுங்கள்: எத்தனை நாய், என்ன நிறம், இரவில் கட்டுவீர்களா, கன்றுகள் எந்த வேலிக்குள்? உடல் முழுவதும், காது, வால், அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பது வரை தெரிந்தபின்தான் விரல் துப்பாக்கி விசைக்குப் போகலாம்.

இது வெறும் எச்சரிக்கைப் பேச்சல்ல. வட கரோலினாவின் கிழக்கில் மிகச் சொற்பமாக எஞ்சியிருக்கும் செந்நிற ஓநாய், பார்வைக்குப் பெரிய கொயோட்டி போலவே இருக்கும். கொயோட்டி என்று எண்ணிச் சுட்டதில் அவை இறந்ததால் வழக்கு நடந்து, 2014-இல் கூட்டாட்சி நீதிமன்றம் டேர், ஹைட், டிரெல், வாஷிங்டன், போஃபர்ட் ஆகிய ஐந்து கவுண்டிகளில் கொயோட்டி வேட்டையை நிறுத்தியது. பின்னர் வந்த உடன்பாட்டிலும் அங்கே இரவு வேட்டைக்கு இடமில்லை.

சட்டம் எப்படி?

மாநிலத்துக்கு மாநிலம் வேறு. டெக்சாஸில் தனியார் நிலத்தில் கொயோட்டிக்குத் தடைக்காலம் இல்லை, இரவிலும் வேட்டையாடலாம். வேறு சில மாநிலங்கள் இரவு வேட்டையைக் குளிர்கால மாதங்களுக்கு மட்டும் அனுமதிக்கும், அல்லது துப்பாக்கியில் பொருத்திய விளக்கையோ வண்டியிலிருந்து அடிக்கும் விளக்கையோ தடுக்கும். விளக்கடித்து மான் சுடுவது பெரும்பாலும் எங்கும் குற்றம். அதனால் மான் உள்ள நிலத்தில் விளக்கோடு நிற்கும் உங்களைப் பார்த்து வனக் காவலர் வண்டியை நிறுத்துவது இயல்பு. உரிமையாளரின் எழுத்துப்பூர்வ அனுமதியைச் சட்டைப்பையில் வையுங்கள். வாங்குவதற்கு முன் அந்த ஆண்டின் மாநில விதிப் புத்தகத்தைப் படியுங்கள், விளக்குக்கு என்று தனிப் பத்தி இருக்கும்.

ஊரில் நரிக்கு இதைப் பயன்படுத்தலாமா?

கூடாது. இந்தியாவில் நரி 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்ட விலங்கு. அதை வேட்டையாடுவது குற்றம். கொயோட்டியை நம்மவர்கள் பேச்சில் ‘நரி’ என்பதால் இந்தக் கேள்வி வருகிறது. இரண்டும் ஒரே பேரினத்தைச் சேர்ந்த வெவ்வேறு விலங்குகள்.

அகச்சிவப்பு விளக்கு, வெப்பக் கேமரா வந்தபின் நிற விளக்கு எதற்கு?

பணமும் சட்டமும் இடம் கொடுத்தால் வெப்பக் கேமராதான் தேடுவதற்கு மேல், அதற்கு வெளிச்சமே தேவையில்லை. ஆனால் அதில் தெரிவது சூட்டு உருவம். நாயா கொயோட்டியா என்பது தூரத்தில் குழப்பும். இரவுநோக்குக் கருவிக்கான அகச்சிவப்பில் 850 நானோமீட்டர் தூரம் போகும், விளக்கின் முகத்தில் மட்டும் லேசான சிவப்புப் புள்ளி தெரியும். 940-இல் அதுவும் தெரியாது, பதிலுக்குத் தூரம் குறையும். சில மாநிலங்களில் இவை தடை, விளக்கு அனுமதி. நிற விளக்குகள் இன்னும் விற்பதற்கு அதுவும் விலையும்தான் காரணம்.

பேட்டரி சீக்கிரம் இறங்குகிறது.

18650 லித்தியம் பேட்டரி முழுதாக ஏறினால் 4.2 வோல்ட். 3,000 மில்லிஆம்பியர்-மணி உள்ளது, 1.5 ஆம்பியர் இழுக்கும் விளக்கை இரண்டு மணி நேரம் ஓட்டும், அது அறை வெப்பத்தில். உறைநிலைக்குக் கீழே கணிசமாகக் குறையும். உபரிப் பேட்டரியை உள்சட்டைப் பையில், உடம்புச் சூட்டில் வையுங்கள். சாவியோடும் சில்லறையோடும் சேர்த்து வைக்காதீர்கள், முனைகள் உரசினால் தீப்பிடிக்கும்.

சுட்டாயிற்று. விழுந்த இடம் தெரியவில்லை.

உடனே எழுந்து ஓடாதீர்கள். விளக்கை அந்த இடத்தில் அப்படியே பிடித்து, அதன் பின்னால் தெரியும் ஒரு மரத்தையோ வேலிக்கம்பையோ குறித்துக்கொள்ளுங்கள். இருட்டில் 100 கஜம் நடந்ததும் எல்லாப் புல்லும் ஒன்றாகிவிடும். இருவர் என்றால் ஒருவர் துப்பாக்கியை இறக்கி, தோட்டாவை எடுத்துவிட்டு, விளக்கோடு அங்கேயே நின்று வழி சொல்ல, மற்றவர் போகட்டும். இப்போது சிவப்பை அணைத்துவிட்டு வெள்ளையைப் போடுங்கள். சிவப்பு ஒளியில் ரத்தம் காய்ந்த புல்லிலிருந்து பிரிந்து தெரியாது. பச்சையில் கறுப்பாகி ஈரமண் போலத் தோன்றும்.